பூச்சிகொல்லி தெளிப்போரின் உடல்நலம்: ஆபத்தை மதிப்பிடும் முறை

மாத்தளை மாவட்டத்தின் தெற்கே உக்குவளை, இரத்தோட்டை, யட்டவத்தை ஆகிய பகுதிகள் மலைச்சாரலை அடுத்துள்ளன. வடக்கே நாவுல, கலேவெலை, தம்புள்ளை ஆகிய பகுதிகள் குளநீரை நம்பிய வரண்ட நிலங்களைக் கொண்டன. பெரும்போகத்தில் நெல்லும், சிறுபோகத்தில் நெல்லோடு பெரிய வெங்காயமும், இவற்றிடையே கத்தரி, தக்காளி, கறிமிளகாய், போஞ்சி, பயற்றை முதலிய மரக்கறிகளும் இங்கு விளைவிக்கப்படுகின்றன. தம்புள்ளையில் 1999 ஆம் ஆண்டு பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்டமையால் மரக்கறிக்குப் பெருஞ் சந்தை ஒன்று மாவட்டத்திற்குள்ளேயே அமைந்தது. சந்தை விரும்புவது புள்ளியற்ற காயையும் வாடாத தாளையும். ஆதலாற் கமக்காரரின் முதுகில் தெளிகருவி ஏறும் நாட்கள் ஒரு போகத்தில் ஒன்றிரண்டாக நிற்பதில்லை.

பூச்சிகொல்லி நஞ்சு என்பதை அறியாத கமக்காரர் இல்லை. குடித்தவர் இறப்பர் என்பதும் யாவரும் அறிந்ததே. எனினும் குடியாமலே, நாள்தோறும் சிறிது சிறிதாகத் தோலிலும் மூச்சிலும் ஏறும் நஞ்சு என்ன செய்யும் என்பது பலராலும் எண்ணிப் பார்க்கப்படுவதில்லை. அதனை எண்ணிப் பார்க்கும் முறையை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

ஆபத்து என்பது யாது?

ஒரு மருந்தின் நச்சுத்தன்மை வேறு. அதனால் விளையும் ஆபத்து வேறு. பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் கொடிய நஞ்சினால் ஒருவருக்கும் தீங்கில்லை. மிதமான நஞ்சேயாயினும் வாரம் இருமுறை உடலை நனைக்குமாயின் தீங்கு பெரிது. ஆகவே ஆபத்தை அறிய விரும்புவோர் இரண்டினைச் சேர்த்து நோக்க வேண்டும்: மருந்து எவ்வளவு கொடியது, அது உடலில் எவ்வளவு, எத்தனை முறை படுகின்றது.

முதலாவதற்கு விடை போத்தலின் லேபலில் உண்டு. உலக சுகாதார நிறுவனம் பீடைகொல்லிகளை அவற்றின் கொடுமைக்கேற்ப வகுத்துள்ளது. அவ்வகுப்புக்களைக் காட்ட லேபலின் அடியில் நிறப்பட்டை இடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. சிவப்பு மிகக் கொடியவற்றையும், மஞ்சள் மிதமாகக் கொடியவற்றையும், நீலம் சிறிதளவு தீங்குடையவற்றையும், பச்சை முறைப்படி பயன்படுத்தினால் உடனடித் தீங்கு நேரும் எனக் கருதப்படாதவற்றையும் குறிக்கும். இவ்வகுப்பு பெரும்பாலும் ஒருமுறை உட்கொள்வதால் உண்டாகும் உடனடித் தீங்கினை அளவாகக் கொண்டது. பச்சைப் பட்டை உடையதென்று ஒரு மருந்தினைப் பல்லாண்டு வெறும் மேனியிற் படவிடுதல் அறிவுடைமையன்று.

இரண்டாவதற்கு விடை லேபலில் இல்லை. அதனைக் கமக்காரரே தம் வேலையைக் கவனித்துக் கண்டறிதல் வேண்டும்.

நஞ்சு உடலிற் புகும் வழி

மூக்கையும் வாயையும் ஒரு துணியாற் கட்டிக்கொண்டால் போதும் என்பது பலருடைய எண்ணம். தெளிக்கும் வேலையில் நஞ்சு பெரும்பாலும் தோல் வழியாகவே புகுகின்றது. உடலின் எல்லாத் தோலும் ஒரே தன்மையதன்று. பரதயோன் என்னும் மருந்தைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 1971 இல் வெளியிடப்பெற்ற ஆராய்வொன்றில், முன்னங்கையிற் பட்ட மருந்தில் 100 க்கு ஏறத்தாழ 9 பங்கே உட்புகுந்தது. உள்ளங்கையில் 12 பங்கும், வயிற்றில் 18 பங்கும், தலைத்தோலில் 32 பங்கும், நெற்றியில் 36 பங்கும், அக்குளில் 64 பங்கும் புகுந்தன. ஆண்களின் விதைப்பையிற் பட்டது ஏறக்குறைய முழுதும் உட்புகுந்தது. தெளிகருவியின் மூடி கசிந்து முதுகு வழியே இறங்கி இடுப்புத் துணியை நனைத்தலும், வியர்வையைத் துடைக்க மருந்துபட்ட கையால் நெற்றியைத் தேய்த்தலும் எவ்வளவு கேடானவை என்பது இவ்வெண்களால் விளங்கும்.

கலக்கும் நேரம் தெளிக்கும் நேரத்திலும் ஆபத்தானது. ஓர் உதாரணம் காண்க. ஒரு லீற்றரில் 400 கிராம் நஞ்சு கொண்ட மருந்தொன்றில் 20 மில்லிலீற்றர் எடுத்து 10 லீற்றர் நீரிற் கலப்பதாகக் கொள்வோம். கலந்த நீரில் லீற்றருக்கு 0.8 கிராம் நஞ்சு இருக்கும். கலவாத மருந்து ஒரு மில்லிலீற்றர் கையிற் சிந்தினால், அதில் உள்ள நஞ்சு 0.4 கிராம். அஃது அரை லீற்றர் கலந்த நீரைக் கையில் ஊற்றிக்கொள்வதற்குச் சமம். மூடியால் அளத்தல், விரலாற் கலக்குதல், அடைத்த தெளிவாயை வாயால் ஊதுதல் ஆகிய பழக்கங்கள் அரைநாள் வேலையில் உண்டாகும் தீங்கினைச் சில நொடிகளில் உண்டாக்க வல்லன.

“பழகிவிட்டது” என்னும் தவறு

புதிதாகத் தெளிப்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் உண்டாகும்போது, “நாளடைவிற் பழகிவிடும்” என்று மூத்தோர் கூறுவதுண்டு. இது பெருந் தவறாகும்.

சேதனப் பொசுபரசு, காபமேற்று ஆகிய இருவகை மருந்துகள் பூச்சியைக் கொல்லும் முறை ஒன்றே. நரம்பு தசைக்கு இடும் கட்டளையை முடித்துவைக்கும் கோலினெசுத்தரேசு என்னும் நொதியத்தை அவை முடக்குகின்றன. கட்டளை முடியாமையாற் பூச்சி துடித்து இறக்கும். அதே நொதியம் மனிதர் உடலிலும் உண்டு. அதே நஞ்சு அதனையும் முடக்கும். காபமேற்றினால் முடங்கிய நொதியம் பெரும்பாலும் ஒருநாட் பொழுதில் மீளும். சேதனப் பொசுபரசினால் முடங்கியது எளிதில் மீளாது. புதிய செங்குருதிக் கலங்கள் தோன்றித்தான் அக்குறை நிரம்பவேண்டும். செங்குருதிக் கலத்தின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். ஆதலால் நாளொன்றுக்கு நூற்றில் ஒரு பங்கு அளவிலேயே அது மீளுகின்றது.

இதனை வரவு செலவுக் கணக்காக எண்ணிப் பார்க்கலாம். விளக்கத்தின் பொருட்டு, ஒருவர் தெளிக்கும் ஒவ்வொரு முறையும் நொதியத்தில் நூற்றுக்கு 8 பங்கினை இழக்கிறார் எனக் கொள்வோம். எட்டு நாளுக்கு ஒருமுறை தெளித்தால், அடுத்த முறைக்குள் இழந்தது நிரம்பிவிடும். நான்கு நாளுக்கு ஒருமுறை தெளித்தால், 8 பங்கு செலவுக்கு 4 பங்கே வரவு. முதன்முறை தெளித்தபின் 92; மீண்டு 96. இரண்டாம் முறை 88, மீண்டு 92. இவ்வாறே குறைந்து, ஏழாம் முறை, அதாவது 25 ஆம் நாள், 68 ஆகிவிடும். அவர் அன்று செய்த வேலை முதல் நாள் செய்ததே, மருந்தும் அதுவே, அளவும் அதுவே. ஆயினும் முதல் நாள் தாங்கிய உடல் 25 ஆம் நாள் தாங்காது மயங்கி விழக்கூடும். உடல் நஞ்சுக்குப் பழகுவதில்லை, கடன்படுகின்றது.

கலிபோர்னியா மாநிலத்தில் 1974 முதல் இம்மருந்துகளைக் கையாளும் வேலையாளரின் குருதி முறையாகச் சோதிக்கப்படுகின்றது. வேலை தொடங்குமுன் உள்ள அளவினை 100 எனக் கொண்டு, அது 80 க்குக் கீழிறங்கினால் வேலைமுறை ஆராயப்படும். செங்குருதிக் கலங்களில் உள்ள அளவு 70 ஆக, அல்லது அதனிலும் குறைவாக இறங்கினால், மீண்டும் 80 க்கு ஏறும்வரை அவர் அம்மருந்தைத் தொடுதல் கூடாது. இலங்கை ஆய்வாளர் 2002 ஆம், 2003 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆராய்வுகளிலும், பயிர்க்காலத்திற் கமக்காரரின் குருதியில் இந்நொதியம் குறைந்திருந்தமையும், நரம்புகளின் வேலையிற் சிறு குறைகள் தோன்றியமையும் காணப்பட்டன.

யாருக்கு ஆபத்து மிகுதி?

தன் அரை ஏக்கர் வெங்காயத்திற்குத் தானே தெளிப்பவர் ஒரு போகத்திற் சில நாட்களே மருந்தைத் தொடுவர். கூலிக்குத் தெளிப்பவரின் நிலை வேறு. இன்று ஒருவர் வயல். நாளை இன்னொருவர் தோட்டம். ஒவ்வொரு நிலத்தின் உரிமையாளரும் “எமது நிலத்தில் ஐந்து முறைதான் தெளித்தோம்” என்பர். பத்து நிலத்தின் ஐந்து முறையும் ஒரே முதுகில் ஏறியதை ஒருவரும் எண்ணுவதில்லை.

மருந்தைத் தொடாதவரும் இக்கணக்கிற் சேர்வர். தெளித்த மறுநாட் காலையில் ஈரம் உலராத பாத்தியிற் களைபிடுங்கும் பெண்கள், மருந்துபட்ட சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைப்போர், வெற்றுப் போத்தலை எடுத்து விளையாடும் சிறுவர் ஆகியோர் அத்தகையோர். உடல் எடை குறைந்த சிறுவருக்குச் சிறிதளவே பெரிதாகும். கருவுற்ற தாய்மாரும் பதினெட்டு வயதுக்குட்பட்டோரும் மருந்து கலக்கவோ தெளிக்கவோ, தெளித்த நிலத்தில் உடனே இறங்கவோ கூடாது.

மாவட்டத்தின் கிழக்கே வில்கமுவப் பகுதியில் நாட்பட்ட சிறுநீரக நோய் பல குடும்பங்களை வாட்டுகின்றது. அதன் காரணம் இதுவெனத் திட்டமாக நிறுவப்படவில்லை. வெயிலில் நீரின்றி உழைத்தல், குடிநீரின் தன்மை, வேளாண் இரசாயனங்கள் ஆகிய பலவும் ஆராயப்பட்டு வருகின்றன. காரணம் யாதாயினும், வேலை நாளிற் போதிய நல்ல நீர் அருந்துதலும் நஞ்சு படாது காத்தலும் நன்மையே தரும்.

கமக்காரர் தாமே மதிப்பிடும் முறை

இதற்கு வேண்டியது ஒரு கொப்பியும் ஒரு பென்சிலுமே. தெளிக்கும் ஒவ்வொரு நாளும் பின்வருவனவற்றைக் குறித்தல் வேண்டும்.

1. திகதி, யாருடைய நிலம், என்ன பயிர், எந்தப் பூச்சிக்காக.

2. மருந்தின் பெயர், லேபலிற் கண்ட நஞ்சின் பெயர். வியாபாரப் பெயர் வேறாயினும் உள்ளிருக்கும் நஞ்சு ஒன்றாயிருக்கலாம். இரு போத்தலை மாறிமாறித் தெளித்தவர் உண்மையில் ஒன்றையே தெளித்திருப்பர்.

3. எத்தனை தாங்கி, எத்தனை மணிநேரம், கலந்தவர் யார்.

4. உடலில் எங்கு நனைந்தது: கை, கால், முதுகு, இடுப்பு, முகம். நனைந்தபின் எவ்வளவு நேரங் கழித்துக் கழுவப்பட்டது.

5. அன்று இரவும் மறுநாளும் தோன்றிய குறிகள்: தலைவலி, கிறுகிறுப்பு, கண் மங்கல், மிகை வியர்வை, வாயூறல், குமட்டல், நெஞ்சிறுக்கம், கைநடுக்கம், தசைத்துடிப்பு, தோலெரிவு.

மாதமுடிவில் இக்குறிப்பினை நோக்கினால் மூன்று கேள்விகளுக்கு விடை கிடைக்கும். தெளித்த நாட்களின் இடைவெளி சுருங்கி வருகின்றதா? உடல் நனைதல் எப்போதும் ஒரே இடத்தில் நேர்கின்றதா? நோய்க்குறிகள் தெளித்த நாட்களோடு ஒட்டி வந்து, தெளியாத வாரங்களில் மறைகின்றனவா? மூன்றாவதற்கு “ஆம்” என்பது விடையாயின், அது சாதாரணத் தலைவலியன்று. அம்மருந்தைத் தொடுதலை நிறுத்தி, கொப்பியோடும் லேபலோடும் வைத்தியரைக் காணல் வேண்டும். அவர் தேவையெனக் கருதின் குருதிச் சோதனைக்கு வழிசெய்வார். தெளிக்காத காலத்தில் ஒருமுறை சோதித்து வைத்த அளவு இருக்குமாயின், பின்னர் ஒப்பிடுதற்கு அது பெரிதும் உதவும்.

ஆபத்தைக் குறைக்கும் வழிகள்

முதல் வழி, வேண்டாத தெளிப்பைத் தவிர்த்தல். நெல்லில் நாற்று வளரும் இளம் பருவத்தில் இலையிற் காணும் சிறு சேதத்தைப் பயிர் தானே ஈடுசெய்யும். அப்பருவத்தில் தெளிக்கும் மருந்து சிலந்தி முதலிய நன்மைசெய் உயிரிகளை அழித்துக் கபிலநிறத் தத்தியைப் பெருகச் செய்யும். இந்தோனேசியாவில் இவ்வாறு தத்தி பெருகியதனால், 1986 இல் அந்நாட்டு அரசு 57 வகைப் பூச்சிகொல்லிகளை நெல்லுக்குத் தெளிப்பதைத் தடை செய்தது. கத்தரியிற் காய் துளைப்பான் பட்ட குருத்தையும் காயையும் கிள்ளி அழித்தலும், அடுத்தடுத்து ஒரே பயிரை இடாமையும் தெளிக்கும் நாட்களைக் குறைக்கும். தெளியாத ஒவ்வொரு நாளும் உடலுக்கு வரவாகும். மருந்தின் விலையும் கூலியும் மிச்சமாகும்.

இரண்டாம் வழி, மருந்தைத் தேர்தல். ஒரே பூச்சிக்குப் பதிவுபெற்ற மருந்துகள் பல இருப்பின், நச்சுத்தன்மை குறைந்ததனையே கேட்டு வாங்குக. இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாகக் கலந்து தெளித்தல் கூடாது.

மூன்றாம் வழி, வேலைமுறை. தெளிகருவியில் முதலில் வெறும் நீரை நிரப்பிக் கசிவு உண்டா எனப் பார்க்க. அளவுகோப்பையும் நீண்ட தடியும் கலப்பதற்கென்றே இருத்தல் வேண்டும். காலை வெயில் ஏறுமுன், காற்று முதுகுப்புறமிருந்து வீச, தெளித்த பக்கத்தை விட்டு விலகி நடக்க. அடைத்த தெளிவாயை நீராலும் மெல்லிய ஈர்க்காலும் துடைக்க. லேபலிற் குறித்த காலம் கழியுமுன் நிலத்தில் ஒருவரும் இறங்கலாகாது. அறுவடைக்கு முன் விடவேண்டிய நாட்களும் அவ்வாறே.

நான்காம் வழி, உடை. இஃது ஏனைய மூன்றுக்கும் பின்னரே, அவற்றுக்கு ஈடாகாது. முழுக்கைச் சட்டை, நீண்ட காற்சட்டை, தொப்பி, இறப்பர்ச் சப்பாத்து ஆகியன வேண்டும். கலக்கும்போது மருந்து ஊறாத நைத்திரில் கையுறையும், முன்புறம் பிளாத்திக்கு விரிப்பும் அணிக. தெளிக்கும்போது அவ்விரிப்பினை முதுகுக்கும் கருவிக்கும் இடையே கட்டிக்கொள்ளலாம். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சிக் கையோடு ஒட்டவைக்கும். அதனிலும் கையுறை இன்மையே நன்று. முகத்திற் கட்டிய துணி நனைந்தவுடன் அதுவே நஞ்சூட்டும் பொருளாகும். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டு முழுகி, அவ்வுடையைத் தனியே துவைக்க. கருவியைக் குளத்திலோ வாய்க்காலிலோ அம்பன்கங்கையிலோ கழுவுதல் ஆகாது. வெற்றுப் போத்தலை மும்முறை அலசி, அந்நீரைத் தாங்கியிற் சேர்த்து, போத்தலைத் துளைத்துவிடுக.

வெயிற் களைப்போ, நஞ்சோ?

சிறுபோக வெயிலில் மயங்குவோர் இருவகையினர். வெயிற் களைப்பில் வாய் வரளும், கண்ணீர் இராது, நாடி விரைந்து துடிக்கும். சேதனப் பொசுபரசு நஞ்சில் வாயில் எச்சில் ஊறி வழியும், கண்ணீர் பெருகும், கண்மணி ஊசிமுனை போற் சுருங்கும், தசை துடிக்கும், நாடி தளர்வதும் உண்டு. வியர்வையும் தலைவலியும் குமட்டலும் இரண்டிலும் வரும். ஐயம் தோன்றின் நஞ்செனவே கொள்க.

அவ்வேளையில் மருந்துபட்ட உடையை உடனே களைந்து, சவர்க்காரமும் நீரும் கொண்டு உடலைக் கழுவுக. கண்ணிற் பட்டால் 15 நிமிடம் தூயநீர் விட்டு அலசுக. பாலோ எண்ணெயோ கொடுத்தலும் வாந்தி வருவித்தலும் கூடாது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் நோயாளர் ஊர்தி வரும். போத்தலை அல்லது அதன் லேபலை வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்க. மாற்று மருந்தைத் தெரிவு செய்ய வைத்தியருக்கு அது வேண்டும்.

சட்டமும் கமக்காரரும்

1975 முதல் 1980 வரை இந்நாட்டு வைத்தியசாலைகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் பீடைகொல்லி நஞ்சினாற் சேர்க்கப்பட்டதாகவும், ஏறத்தாழ 1,000 பேர் இறந்ததாகவும் வைத்தியர் ஜெயரத்தினமும் அவரோடு ஆராய்ந்தோரும் 1982 இல் எடுத்துக்காட்டினர். இவர்களுள் வேலையில் நஞ்சுபட்டோர் ஒரு பகுதியினரே. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவாளர் பதிவு செய்யாத மருந்து இங்கு விற்கப்படலாகாது. 1984 இற் பரதயோனும், 1995 ஆம் ஆண்டளவில் மிகக் கொடிய வகுப்பைச் சேர்ந்த ஏனையவும், 1998 இல் எண்டோசல்பானும் விலக்கப்பட்டன. 2008 முதல் 2011 வரை டைமெதோயேற்று, பென்தியோன், பரகுவாற்று ஆகியன படிப்படியாக நீக்கப்பட்டன. இந்நாட்டில் நெடுங்காலம் விற்பனையான குளோர்பைரிபோசு, 2025 மே மாதத்தில் உலக நாடுகளின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில், சில விலக்குகளுடன், ஒழிக்கப்படவேண்டிய பொருட்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது.

சட்டம் கொடிய போத்தலைக் கடையிலிருந்து எடுத்துவிடலாம். எஞ்சிய போத்தல் ஒருவர் முதுகில் எத்தனை முறை ஏறுகின்றது என்பதைச் சட்டம் எண்ணாது. இந்தியாவின் யவத்மால் மாவட்டத்தில் 2017 இற் பருத்திக்கு மருந்து தெளித்தோருள் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 1996 இல் யட்டவத்தை, கண்டலமை முதலிய மாத்தளைக் கிராமங்களிலும் பொலன்னறுவையிலும் இருநூறுக்கு மேற்பட்ட கமக்காரரிடை ஓர் ஆய்வு நடைபெற்றது. நஞ்சுபட்டு நோயுறுதலால் ஒருவர் ஆண்டில் இழப்பது ஏறத்தாழ ஒரு மாத வருமானம் என அது கணித்தது. வைத்தியச் செலவும் வேலைக்குப் போகாத நாட்களும் சேர்ந்த அத்தொகை விளைச்சற் கணக்கில் எவராலும் எழுதப்படுவதில்லை. பன்னிரண்டு மாதம் உழைத்துப் பதினொரு மாதத்தின் பயனையே வீட்டிற்குக் கொண்டுசெல்வது அதன் பொருளாகும்.

ஆகவே கூலிக்குத் தெளிப்பவரை அமர்த்தும் நில உரிமையாளர், அவர் அவ்வாரத்தில் வேறெங்கு தெளித்தார் என்பதைக் கேட்டறிதல் கடமை. கழுவுவதற்கு நீரும் சவர்க்காரமும், கசியாத கருவியும், கையுறையும் கொடுத்தல் கூலியோடு சேர்ந்த பொறுப்பாகும். தெளிப்பவரும் தம் கொப்பியைக் காட்டி, இடைவெளி போதாதெனின் அவ்வேலையை மறுக்கத் தயங்கலாகாது. பூச்சியின் அளவு, மருந்தின் தேர்வு, தெளிக்கும் காலம் ஆகியன பற்றி ஐயம் தோன்றின், பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் காணலாம். அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். கொப்பியை அடுத்த தெளிப்பு நாளிலேயே தொடங்குதல் நன்று.